மரக்கோட்டையை உண்டவர் யார்?

கி. பி. 1344-ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலம் ஒன்று வழிதவறி இலங்கைக் கரையை அடைந்தது. அதிலிருந்து இறங்கியவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா. அவர் ‘பத்தாலா’ என்று குறித்துவைத்த பட்டினம் நமது புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஒப்பிய முடிபு. அப்போது அங்கே தங்கியிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். பட்டினம் சிறியது, ஆனால் அழகியது என்கிறார் யாத்திரிகர். அதனைச் சுற்றி மரத்தாலான மதில் இருந்ததாம். மதிலின்மேல் மரத்தாலான கொத்தளங்களும் இருந்தனவாம்.

இன்னொன்றையும் அவர் சொல்கிறார். மலை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்று குன்றாய்க் குவிந்து கிடந்தன. மாபாரிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்த வணிகர் அவற்றை விலை கொடாமலே ஏற்றிச் சென்றனர். பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகத் தந்தனர் என்கிறார். புத்தளத்தின் வறண்ட மண் கறுவாவுக்கு உரிய மண்ணன்று. தெற்கேயுள்ள ஆறுகள் கடலிலே தள்ளிய மரங்களை நீரோட்டம் வடக்கே கொண்டுவந்தது எனக் கொண்டாலும், அந்தக் ‘குன்று குன்றாய்’ என்பதில் யாத்திரிகர்களுக்கே உரிய கைவண்ணம் சிறிது கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். எனினும், அக்கரையில் மரம் ஒதுங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றும் மாரி கழிந்தபின் கலா ஓயா களப்பில் வந்து விழும் இடத்திற்குச் சென்று பாருங்கள். வேரோடு பெயர்ந்த மரங்கள் சேற்றில் தலைசாய்த்துக் கிடக்கும்.

ஒல்லாந்தர் 1667-இல் கற்பிட்டியில் கட்டத் தொடங்கிய கோட்டை கல்லால் ஆனது, இன்றும் நிற்கிறது. ஆரியச் சக்கரவர்த்தியின் மரக்கோட்டையோ, ஒரு முளைக்குச்சிகூட மிஞ்சாமல் மறைந்துவிட்டது. பகைவர் அதனைக் கொளுத்தினர் என்றோ, இடித்தனர் என்றோ வைத்துக்கொள்வோம். அப்போதும், மண்ணுக்குள் நட்டு நிறுத்திய அந்த அடிமரங்கள் எங்கே போயின?

‘உக்கிப் போயிற்று’ என்று ஒரு சொல்லிற் பதில் கூறிவிட்டு நாம் அப்பால் நடந்துவிடுகிறோம். ஆனால், நம் மொழியை வழங்கிய முன்னோர் அவ்வளவு அலட்சியமாக நடந்துவிடவில்லை. பழம் அழுகும், மரம் உக்கும். கறையான் தின்ற பலகையைச் செல்லரித்தது என்றனர். வண்டு துளைத்த வளையை உளுத்தது என்றனர். வெயிலும் மழையும் பட்டு நாட்பட்ட கயிற்றை இற்றது என்றனர். அழிந்தது யாரால் என்பது ஒவ்வொரு சொல்லிலும் ஒளிந்திருக்கிறது. இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கும் மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போதெல்லாம், நான் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவதுண்டு. அது இலக்கணப் பிழை மாத்திரமன்று, உயிரியற் பிழையுமாகும்.

உக்குதல் என்பது பெரும்பாலும் பங்கசுக்களின் வேலை. காளான், பூஞ்சணம் என நாம் காண்பவை அக்குலத்தின் கனிகளே. அவற்றின் உடலோ நூலினும் மெல்லிய இழைகளாய் மரத்துக்குள்ளே பரந்து கிடக்கிறது. அவை உண்ணும் மரம் எத்தகையது என்பதை அறிய நம் ஊர் வரிச்சுச் சுவரை நினைத்துக்கொள்ளலாம். குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டிய வரிச்சுத்தடிகள் போன்றது செலுலோசு. அவற்றின் இடையிலே அப்பிய களிமண் போன்றது இலிக்னின். வரிச்சைத் தின்னக்கூடிய உயிர்கள் பல உண்டு. களியைக் கரைக்கக்கூடியவை மிகச் சில.

பங்கசுக்களில் ஒருசாரார் களிக்கு அதிக சேதம் செய்யாமல் வரிச்சை மாத்திரம் உருவி உண்பர். எஞ்சிய மரம் கபில நிறமாகி, கட்டம் கட்டமாய் வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும். மற்றொரு சாரார் களியையும் கரைத்துவிடுவர். அவர்கள் உண்ட மரம் வெளுத்து, நார் நாராய்ப் பஞ்சுபோல் ஆகும். நம் நாட்டு வன்மரங்களில் மிகுதியாகக் காணப்படுவது இந்த வெள்ளை உக்கலே. இலிக்னினைப் பிளக்கும் நொதியம் ஒன்று 1983-இல்தான் அமெரிக்காவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அது பூட்டுக்குச் சாவிபோல் பொருந்தி வேலைசெய்யும் வழக்கமான நொதியமன்று. ஐதரசன் பேரொட்சைட்டைத் துணைக்கொண்டு, இலிக்னினை ஒருவகையில் எரிக்கிறது என்றே சொல்லவேண்டும். சுவாலையில்லாத எரிப்பு, ஆனால் எரிப்பு எரிப்புத்தான். ஆதலால் அதற்கு ஒட்சிசன் வேண்டும். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். களப்புச் சேற்றுக்கு இறங்கும்போது அது நமக்குத் தேவைப்படும்.

மரத்தை உண்பவனுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. அது வயிறு நிறையும் உணவு, உடல் தேறும் உணவன்று. மரத்தில் நைதரசன் ஒரு பங்கானால் காபன் பல நூறு பங்கு. சோற்றை மாத்திரம் குவித்துவைத்துக் கறியே வையாத இலைக்கு ஒப்பானது. பங்கசு இதற்கு என்ன செய்கிறது? தன் இழைகளைக் கட்டையிலிருந்து மண்ணுக்குள் நீட்டுகிறது. அங்கேயுள்ள நைதரசனையும் பொசுபரசையும் உறிஞ்சிக் கட்டைக்குள் கொண்டுவருகிறது. ஒட்சாலிக்கமிலத்தைச் சுரந்து, மண்மணிகளோடு பிணைந்து கிடக்கும் இரும்பையும் கல்சியத்தையும் பெயர்க்கிறது. இவ்வாறு, பட்டுப்போன கட்டை நாளடைவில் சத்து நிறைகிற கட்டையாகிறது. உயிரோடு நின்ற மரத்தைவிட உக்கிய மரத்தில் நைதரசனின் விகிதம் கூடுதல் என்பதை முதன்முதலாகக் கேட்கும் மாணவர் நம்புவதில்லை. பின்னர் இழை மடிகிறது. இழையைப் பூச்சி தின்கிறது. சேர்த்துவைத்த அத்தனையும் சிறுகச் சிறுக மண்ணுக்குத் திரும்புகிறது. இடைக்காலத்தில் வரும் பெருமழை அவற்றை அரித்துச் செல்லாதவாறு வைத்துக்காத்த பெட்டகம் அந்தக் கட்டை.

ஆனால் வில்பத்துக் காட்டின் ஓரத்தில் இந்த முறை முழுவதும் செல்லாது. அங்கே ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை பெய்வதே பெருமழை. மற்ற மாதங்களில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அந்த மண் காய்ந்து கிடக்கும். ஈரமின்றிப் பங்கசு அசையாது. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் கனமுடைய பாலைமரக் கட்டையைக் கோடையில் தொட்டுப் பார்த்தேன். இரும்பைத் தொட்டதுபோல் சுட்டது. அத்தகைய கட்டையை யார் உண்பது?

அதற்கு விடை நாலடி தள்ளி எழுந்துநிற்கும் புற்று. கறையான் பங்கசுக்குப் பகைவன் அல்லன். பங்கசைப் பயிரிடும் கமக்காரன். மரத்துகளைத் தின்று, புற்றின் அறைகளில் கழிவாக இட்டு, தேன்கூடு போன்ற பாத்திகளைச் சமைக்கிறது. அப்பாத்திகளில் வளரும் பங்கசு இலிக்னினை இளக்கிக் கொடுக்கிறது. அவ்வாறு பக்குவமான பாத்தியைக் கறையான் மறுபடியும் உண்கிறது. வெளியே நிலம் வெடித்துக் கிடக்கும் நாளிலும் புற்றின் உள்ளே ஈரம் குன்றுவதில்லை. மனிதன் ஏர் பிடித்தது சுமார் பத்தாயிரம் ஆண்டுக்கு முன். கறையானின் கமத்தொழிலோ சுமார் மூன்று கோடி ஆண்டுப் பழைமையுடையது. முதல் மழைக்குப் பின் புற்றைச் சுற்றி முளைக்கும் காளானை நாம் கூடையிற் பொறுக்கி வந்து கறி சமைக்கிறோமே, அது அந்தப் பயிரின் பூ.

இந்த இரகசியத்தை ஆராய்ந்தவர்களுள் தமிழ் மண்ணோடும் ஈழ மண்ணோடும் தொடர்புடையோர் இருவரைச் சொல்லவேண்டும். தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்த கேனிக் என்னும் மருத்துவர், தஞ்சைப் பகுதியின் கறையான்களைப் பற்றி 1779-இல் எழுதியபோதே புற்றினுள் இருக்கும் பங்கசுப் பாத்திகளைக் குறிப்பிட்டார். அதன்பின், 1905-இல் பேராதனைக்கு அரசாங்கப் பங்கசியலாளராக வந்த தோமஸ் பெற்ச், மறுவருடமே புற்றுப் பங்கசுக்களைப் பற்றி விரிவானதோர் ஆய்வை வெளியிட்டார். அவரும் பிஸ்பியும் சேர்ந்து தொகுத்த இலங்கைப் பங்கசுக்கள் பற்றிய நூல் 1950-இல் வெளிவந்தது. பெற்ச் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. அவ்வினத்துக்கு ‘டெர்மிற்றோமைசிசு’ என்று 1942-இல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் எயிம். தஞ்சையிலும் பேராதனையிலும் கண்ட பொருளுக்குப் பாரிசிலிருந்து பெயர் வந்தது!

புத்தளம் என்ற பெயருக்கு ‘உப்புத்தளம்’ என்று பொருள் சொல்வாருண்டு. வில்பத்து வழியில் வரிசையாய் எழுந்த புற்றுகளைப் பார்த்தபோது ‘புற்றுத்தளம்’ என்று சொல்லிவிடலாமா என எனக்கு ஓர் ஆசை எழுந்தது. சொல்லாராய்ச்சியாளர் மன்னிக்க.

காட்டிலிருந்து களப்பை நோக்கி இறங்குவோம். கலா ஓயாவின் முகத்தில் கண்டற்காடு அடர்ந்து நிற்கிறது. முட்டுவேர் ஊன்றிய கண்டல், சேற்றினின்று குச்சிகுச்சியாய் மூச்சுவேர் நீட்டும் கண்ணா, பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லை. கடைசியிற் சொன்னது சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லை. நெய்தற் பாடல்களிற் கண்டலைப் படித்த மாணவர்களை அழைத்துச் சென்று, ‘இதுதான் அது’ என்று காட்டியபோது அவர்கள் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை வகுப்பறையில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

அங்கே, பாதி நீரிலும் பாதி சேற்றிலுமாகச் சாய்ந்துகிடந்த பெரிய கண்டற்கட்டை ஒன்றின் அருகில், ஒரு மீனவர் தோணியை நிறுத்தி வலையை உதறிக்கொண்டிருந்தார். “நானா, நல்ல விறகாச்சே, ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கெடக்கட்டும் மாஸ்டர். அதை எடுத்தா இந்த எடத்துல ஒண்டும் நிக்காது. நண்டும் இறால் குஞ்சும் அதுக்கடியிலதான் ஒதுங்குது” என்றார் அவர்.

அந்த ஒரே கட்டைக்கு மூன்று விதமான விதி வாய்த்திருந்தது. நீர்மட்டத்துக்கு மேலே நின்ற பகுதியில் காட்டில் நடப்பதே நடந்தது: பங்கசும் கறையானும் வண்டும் தத்தம் பங்கைப் பெற்றன. வற்றும் பெருக்கும் மாறிமாறி நனைக்கும் நடுப்பகுதியோ சல்லடையாய்த் துளைபட்டிருந்தது. அது கப்பற்புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டியின் இனம். தன் ஓட்டை அரமாக்கி மரத்தை அராவி உண்கிறது. மரத்தில் நைதரசன் குறைவு என்ற பழைய சங்கடம் அதற்கும் உண்டு. அதன் பூக்களில் வாழும் பற்றீரியா நீரில் கரைந்த நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதோடு, செலுலோசைச் செரிக்கும் நொதியத்தையும் ஆக்கித் தருகிறது. 1983-இல் இப்பற்றீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினர். புழு இறந்தபின் அதன் துளைகள் வெறுமையாய்க் கிடப்பதில்லை. மீன்குஞ்சும் நண்டும் அங்கே குடிபுகுகின்றன. நம் மீனவ நானாவுக்கு இது எந்த நூலும் படியாமலே தெரிந்திருந்தது.

அந்த நடுப்பகுதியிலும் பங்கசு இல்லாமலில்லை. கண்டற்காட்டு மரத்தில் கடற்பங்கசு வாழ்வதை 1955-இல் அவுஸ்திரேலியாவில் கிறிப் தம்பதியர் முதன்முதலாக விவரித்தனர். கடலில் காற்று வித்தியைச் சுமக்காது. ஆகவே அவற்றுள் பலவற்றின் வித்திகள் வாலும் இறகும் போன்ற உறுப்புகளோடு பிறக்கின்றன. அலையில் மிதந்து, மரத்தைத் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதற்கு அவை உதவும். கரையில் ஒதுங்கும் கடல்நுரையைச் சிறிது வழித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அவ்வித்திகளைக் காணலாம். கற்பிட்டிக் கரையில் வந்து உடையும் நுரையில் மாணவர் கால் நனைத்து விளையாடுகிறார்களே, அந்த நுரை கடலின் விதைக்கூடை!

இனி, சேற்றுக்குள் புதைந்த மூன்றாம் பகுதி. அதனை அசைத்தபோது முட்டை அழுகிய நாற்றம் எழுந்தது. கரி போன்ற சேறு கலங்கியது. கட்டையோ பட்டை உரியாமல், நேற்று விழுந்ததுபோல் இருந்தது. உண்பவர் ஒருவரும் அங்கு இல்லை. கண்டற்சேற்றில் மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் கீழேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. ஒட்சிசனின்றி இலிக்னினை எரிக்க இயலாது என்று முன்னரே பார்த்தோம். எனவே பங்கசு அந்த வாயிலில் நின்றுவிடுகிறது. கப்பற்புழுவுக்கும் அங்கே மூச்சில்லை. உள்ளே வாழ்பவை, கடல்நீரிலுள்ள சல்பேற்றை ஒட்சிசனுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள். அவை வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டே அந்த நாற்றம். அது இரும்போடு கூடியதே அந்தக் கருமை. நாட்பட அது பைரைற்று என்னும் கனியமாய் இறுகுகிறது. அப்பற்றீரியாக்கள் இலை தழையை மெல்ல உண்ணும். மரத்தை அவற்றால் அசைக்க முடியாது.

கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே தைக்கல் என்னுமிடத்தில், வயலின் சேற்றுக்குள்ளிருந்து ஒரு மரக்கலத்தை வெளியே எடுத்தனர். அதன் மரம் அஞ்சிலி. காபன் கணிப்பின்படி அது கி. பி. 1020-க்கும் 1270-க்கும் இடைப்பட்டது. இபுனு பதூதா நம் கரையில் இறங்குமுன்னரே நீரில் ஓடிய கலம் அது. அவர் கண்ட மதிலின் ஒரு காலாவது களப்புச் சேற்றுக்குள் ஆழ இறங்கி நின்றிருக்குமானால், அது இன்றும் அங்கேயே இருத்தல் கூடும்.

மரம் மட்டுமா இருக்கிறது? வேரும் இலையும் கிளையுமாய்ப் பல நூற்றாண்டுக் காபன் முழுவதும் அங்கே அடைபட்டிருக்கிறது. இந்து, பசிபிக் சமுத்திரக் கண்டற்காடுகளை அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு ஹெக்டயரில் சராசரி 1,023 தொன் காபன் இருப்பதாகக் கணித்தது. அதிற் பெரும்பகுதி மரத்திலன்று, மண்ணில்.

இந்தச் சேற்றைத்தான் நாம் வெட்டினோம். 1980-களில் புத்தளம், சிலாபம் கரைகளில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் வெட்டப்பட்டது; சேறு தோண்டிக் கட்டாக உயர்த்தப்பட்டது. தோண்டிய சேறு காற்றைக் கண்டதும், நூற்றாண்டுகளாய் நின்றிருந்த எரிப்பு தொடங்கியது. காபன் காபனீரொட்சைட்டாய்ப் பறந்தது. பைரைற்று ஒட்சிசனோடு கூடிச் சல்பூரிக்கமிலமாயிற்று. இத்தகைய மண்ணில் பி. எச். பெறுமானம் 4-க்கும் கீழே இறங்கிவிடும். வெட்டுமுகத்தில் வைக்கோல் நிறத் திட்டுகள் தோன்றும். அமிலம் களியிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து நீருக்குள் விடும்; அது இறாலின் பூவைத் தாக்கும். பொசுபரசு மண்ணோடு பிணைந்துவிடுவதால் குளத்தில் நுண்பாசியும் வளராது. சுண்ணாம்பு இட்டால் சிலகாலம் தணியும். அடுத்த மழைக்குக் கட்டிலிருந்து மறுபடியும் அமிலம் வழியும். 1996-இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைச் சாய்த்தது. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. அந்தக் குற்றத்தை மண்ணின் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஆனால், நோய் வந்து போனபின் அந்த நிலம் நெல்லுக்கும் உதவாமல், தென்னைக்கும் உதவாமல், மீனுக்கும் உதவாமல் கிடப்பதற்கு மண்ணே விடை சொல்லவேண்டும். முந்தலுக்கு அண்மையில் கைவிடப்பட்ட குளமொன்றின் கட்டில் நடந்தேன். புல்லும் முளையாத அந்த வெண்மண்ணில் ஓரிடத்தில், வெட்டுண்ட கண்டலின் வேர் நீட்டிக்கொண்டிருந்தது. சேற்றுக்குள் உக்காமல் இருந்த அது, இப்போது காற்றுப்பட்டுத் தும்பு தும்பாய் உதிர்ந்துகொண்டிருந்தது.

மறுபடியும் கண்டல் நடலாமே என்பர். நட்டார்கள். 2004-இன் கடற்கோளுக்குப் பின் நாடெங்கும் நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த அறிக்கை கூறுவது இது: 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரையிலான முயற்சியில் 200 முதல் 220 ஹெக்டயர் மாத்திரமே தேறியது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. இடம் பொருந்தவில்லை, இனம் பொருந்தவில்லை, நட்டபின் பார்ப்பாரில்லை. நாடு முழுவதிலும் உள்ள கண்டற்காடுகளைக் காப்பதற்கென 2015-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று; சிலாபத்தை அடுத்த பம்பலவில் கண்டலுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் திறந்தனர். இவை நல்லவை. எனினும், கைவிட்ட குளங்களைப் பொறுத்தவரையில் கன்றைவிட மண்வெட்டியே முதலில் வேண்டும் என்பது என் துணிபு. கட்டைச் சரியான இடத்தில் வெட்டிவிட்டால் வற்றும் பெருக்கும் உள்ளே வரும். கடல்நீரில் இயல்பாகவே உள்ள காரம் அமிலத்தைத் தணிக்கும். சேறு மறுபடி நீருக்குள் அமிழ்ந்து மூச்சடங்கும். பைரைற்று மேலும் எரியாது. கண்டலின் முளைகள் அலையோடு தாமே மிதந்துவரும்.

அவற்றோடு கட்டைகளும் வரும். எங்கோ மேட்டில் வேரறுந்து, ஓயாவில் உருண்டு, கப்பற்புழு பாதி தின்ற கட்டைகள். வெட்டிவிட்ட கட்டின் வாயில் அவை வந்து சிக்கும்போது, அடைப்பு என்று இழுத்துப் போட்டுவிடாமல் விட்டுவைக்கவேண்டும். மிதந்துவரும் முளைகள் முதலில் தங்குவது அவற்றின் மறைவில்தான்.